சூரிச் பழைய நகரம்: நடந்து காண வேண்டிய இடங்கள்

சூரிச்சில் பல ஆண்டுகளாக வாழ்ந்து வரும் தமிழர்களுட் பலர், நகரின் பழைய பகுதியை வேலைக்குச் செல்லும் வழியிலோ கடைக்குச் செல்லும் வழியிலோ பன்முறை கடந்து சென்றிருப்பர். நின்று பார்த்தவர் சிலரே. ஊரிலிருந்தோ கனடாவிலிருந்தோ உறவினர் வரும்போதுதான், அவர்களுக்கு எதைக் காட்டுவது என்ற கேள்வி எழுகின்றது. பாடசாலைச் சுற்றுலாவில் கண்ட இடங்களைப் பற்றிப் பிள்ளைகள் வீட்டில் பேசும்போது, பெற்றோர் அவற்றை அறியாதிருப்பதும் உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பிப்போர் இந்நாட்டின் வரலாறு, புவியியல், அரசமைப்பு ஆகியவை பற்றிய அடிப்படை அறிவு உடையவராய் இருத்தல் வேண்டும். இத்தேவைகள் யாவற்றுக்கும் ஒரு நாள் நடைப்பயணம் பெரிதும் உதவும்.

கீழே தரப்பட்டுள்ள பாதை தலைமை ரயில் நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடிகின்றது. கட்டடங்களுக்குள் செல்லாமல் நடந்தால் இரண்டு மணி நேரம் போதும். உள்ளே சென்று பார்ப்போர் முழு நாளையும் ஒதுக்குதல் நன்று. பழைய நகரத்தின் தெருக்கள் பல கல் பாவிய ஏற்றங்களாகையால், முதியோருடன் செல்வோர் ஆற்றங்கரைப் பகுதியை மட்டும் தெரிவு செய்யலாம்.

ரயில் நிலையமும் பான்ஹோஃப் வீதியும்

சுவிட்சர்லாந்தின் முதலாவது உள்நாட்டு ரயில் பாதை 1847ஆம் ஆண்டு சூரிச்சுக்கும் பாடன் நகருக்கும் இடையே திறக்கப்பட்டது. இன்றுள்ள நிலையக் கட்டடம் 1871இல் எழுந்தது. அதன் முன்னே உயர்ந்து நிற்கும் சிலை, ரயில் பாதைகளை அமைப்பதிலும் வங்கித் துறையை வளர்ப்பதிலும் முன்னின்ற அரசியலாளர் அல்பிரட் எஷருடையது. மண்டபத்தின் கூரையிலிருந்து தொங்கும் வண்ணமயமான தேவதை உருவம், நிக்கி த சான் பால் என்னும் பெண் கலைஞரின் படைப்பு. 1997 முதல் அங்கு உள்ளது.

நிலையத்திலிருந்து ஏரி வரை ஏறத்தாழ 1.4 கிலோமீற்றர் நீளும் பான்ஹோஃப் வீதி, உலகின் விலையுயர்ந்த கடைத்தெருக்களுள் ஒன்றாகப் பெயர் பெற்றது. ஆயினும் அதன் பெரும்பகுதி முன்னர் நகர மதிலைச் சூழ்ந்திருந்த அகழியாகும். தவளைகள் மிகுந்திருந்தமையால் அது 'தவளை அகழி' என்றே அழைக்கப்பட்டது. 1833 முதல் நகரின் அரண்கள் இடிக்கப்பட்டன. 1864இல் அகழியும் மூடப்பட்டது. மதிலுக்குள் ஒடுங்கியிருந்த ஊர் தொழில் நகரமாக விரிந்த வரலாறு இந்தத் தெருவுக்கு அடியில் கிடக்கின்றது.

லின்டன்ஹோஃப்: நகரின் பெயர் கிடைத்த குன்று

பான்ஹோஃப் வீதியிலிருந்து கிழக்கே ஏறும் சிறு தெருக்கள் லின்டன்ஹோஃப் குன்றுக்கு இட்டுச் செல்கின்றன. லிம்மாத் ஆற்றின் மேற்குக் கரையில் அமைந்த இம்மேட்டில் கெல்ட்டிய மக்கள் வாழ்ந்தனர். அவர்களுக்குப் பின் உரோமர் இங்கே ஒரு சுங்கச் சாவடியை அமைத்தனர். வடக்கேயும் தெற்கேயும் செல்லும் சரக்குகள் ஏரியிலிருந்து ஆற்றுக்கு மாறும் இடம் இதுவாகையால், வரி அறவிடுவதற்கு ஏற்றதாய் இருந்தது. நாலாம் நூற்றாண்டில் இங்கு ஒரு கோட்டையும் எழுந்தது.

1747ஆம் ஆண்டு இக்குன்றில் ஒரு கல்லறைக் கல் கண்டெடுக்கப்பட்டது. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது எனக் கருதப்படும் அக்கல்லை நாட்டியவர்கள், சுங்கச் சாவடியின் பொறுப்பாளரான ஊனியோவும் அவர் மனைவியும் ஆவர். ஓராண்டும் ஐந்து மாதங்களும் ஐந்து நாட்களும் வாழ்ந்து மறைந்த தம் மகனுக்காக அவர்கள் அதனை எழுப்பினர். தந்தை தமது பதவியைக் குறிப்பிடும் இடத்தில் 'தூரிக்கும்' சாவடி என்னும் பெயர் வருகின்றது. சூரிச் என்ற பெயர் அதிலிருந்தே பிறந்தது. ஊனியோ அடிமை நிலையிலிருந்து பேரரசரால் விடுவிக்கப்பட்டவர் என்பதையும் கல் கூறுகின்றது. இந்நகரின் பெயரை முதன்முதலில் எழுத்தில் விட்டுச் சென்றது ஓர் அரசனின் வெற்றிச் செய்தியன்று, பிள்ளையை இழந்த பெற்றோரின் துயரம். கல்லின் பிரதியொன்று குன்றின் அருகிலுள்ள பால்ஸ்காஸ என்னும் தெருவில் பதிக்கப்பட்டுள்ளது. மூலக் கல் தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது.

குன்றின் மேலுள்ள நீரூற்றில் கவசம் அணிந்த பெண்ணுருவம் ஒன்று நிற்கின்றது. 1292இல் ஒஸ்திரியக் கோமகன் அல்பிரெக்ட் நகரை முற்றுகையிட்டபோது, ஆண்கள் போதாமையால் பெண்கள் கவசம் அணிந்து இக்குன்றில் அணிவகுத்து நின்றனர் என்றும், பெரும் படை இருப்பதாக எண்ணி எதிரி பின்வாங்கினான் என்றும் மரபுக் கதை கூறுகின்றது. இன்று லின்டன் மரங்களின் நிழலில் பெரிய சதுரங்கக் காய்களை வைத்து விளையாடும் முதியோரை இங்குக் காணலாம். ஆற்றுக்கு அப்பாலுள்ள பழைய நகரமும் பல்கலைக்கழகக் கட்டடங்களும் ஒரே பார்வையில் தெரியும் இடமும் இதுவே.

ஷிப்ஃபே கரையும் ஒரு நினைவுப் பலகையும்

லின்டன்ஹோஃபிலிருந்து படிகளில் இறங்கினால் ஷிப்ஃபே என்னும் ஆற்றங்கரைப் பகுதியை அடையலாம். படகுகள் வந்து தங்கிய இக்கரை, நகரின் மிகப் பழைய குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. இங்கு ஆற்றை நோக்கிய நினைவுப் பலகையொன்று உண்டு. சிசுக்களுக்கன்றி, நம்பிக்கையை உணர்ந்து ஏற்கும் வளர்ந்தோருக்கே திருமுழுக்கு அளிக்க வேண்டும் என்ற மறுமுழுக்கினர், 16ஆம் நூற்றாண்டில் நகர ஆட்சியின் கட்டளையை மீறியோராகக் கருதப்பட்டனர். அவர்களுள் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸ் 1527இல் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார். அவரையும் அவ்வாறு மாண்ட ஏனையோரையும் நினைவுகூரும் பலகை 2004இல் வைக்கப்பட்டது. ஒரு நகரம் தான் இழைத்த தவற்றைத் தன் தெருவிலேயே எழுதி வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

சங்க்ட் பீற்றர் தேவாலயம்

மீண்டும் சற்று ஏறினால் சங்க்ட் பீற்றர் தேவாலயம் வரும். அதன் கோபுரத்திலுள்ள மணிக்கூட்டு முகம் ஏறத்தாழ 8.7 மீற்றர் விட்டமுடையது. ஐரோப்பாவின் தேவாலய மணிக்கூடுகளுள் மிகப் பெரியது. தேவாலயத்தின் வழிபாட்டு மண்டபம் சபைக்கு உரியது. கோபுரமோ மாநகருக்கு உரியது. முற்காலத்தில் கோபுரத்தில் தீக் காவலர் தங்கியிருந்து, எங்கேனும் தீப்பற்றினால் ஊருக்கு அறிவித்தனர். மரவீடுகள் நெருங்கியிருந்த நகரில் உயர்ந்த கோபுரம் வழிபாட்டுக்கு மட்டுமன்றிப் பாதுகாப்புக்கும் உரியதாய் இருந்தது.

ஃப்ராவ்மூன்ஸ்டர்: பெண்கள் ஆண்ட மடம்

கோபுரத்திலிருந்து தெற்கே இறங்கினால் மூன்ஸ்டர்ஹோஃப் என்னும் விரிந்த சதுக்கம் உண்டு. அதன் ஒரு புறத்தில் மெல்லிய பச்சைக் கூர்முடியுடன் நிற்பது ஃப்ராவ்மூன்ஸ்டர். கிழக்குப் பிராங்கிய மன்னரான யேர்மனிய லூயி 853இல் தம் மகள் ஹில்டகார்ட்டின் பொறுப்பில் இப்பெண்கள் மடத்தை நிறுவினார். காலப்போக்கில் மடத் தலைவியே நகரின் ஆட்சித் தலைவியாக விளங்கினார். நாணயம் அச்சிடும் உரிமையும் சந்தை நடத்தும் உரிமையும் சுங்கம் அறவிடும் உரிமையும் அவரிடம் இருந்தன. 1524இல் இறுதி மடத் தலைவி கத்தரீனா ஃபொன் சிம்மர்ன், நகரில் உள்நாட்டுப் போர் மூளாதிருக்க மடத்தையும் அதன் உடைமைகளையும் மாநகரிடம் ஒப்படைத்தார்.

இத்தேவாலயத்துக்கு இன்று பெரும்பாலானோர் வருவது மார்க் ஷகாலின் ஐந்து கண்ணாடிச் சாளரங்களைக் காண்பதற்கே. யூதக் குடும்பத்தில் பிறந்த அவ்வோவியர், தமது எண்பது வயதுக்குப் பின் அவற்றை உருவாக்கினார். 1970இல் அவை பொருத்தப்பட்டன. சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என ஒவ்வொன்றும் தனி நிறத்தை ஆதாரமாகக் கொண்டு விவிலியக் காட்சிகளைக் கூறுகின்றது. காலை வெயில் விழும் நேரம் பார்ப்பதற்கு உகந்தது. பார்வையாளரிடம் கட்டணம் அறவிடப்படுகின்றது. வழிபாட்டுக்கு வருவோர் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை.

குரோஸ்மூன்ஸ்டர்: இரட்டைக் கோபுரம்

மூன்ஸ்டர் பாலத்தைக் கடந்தால் இரட்டைக் கோபுரங்களையுடைய குரோஸ்மூன்ஸ்டர் எதிரே நிற்கும். சூரிச்சின் காவற் புனிதர்களான பீலிக்ஸ், ரெகுலா என்னும் உடன்பிறந்தோர் உரோமர் காலத்தில் தலை துண்டிக்கப்பட்டனர் என்பது மரபுக் கதை. வெட்டப்பட்ட தலைகளைக் கைகளில் ஏந்தி நாற்பது அடி நடந்து சென்று அவர்கள் அடங்கிய இடத்திலேயே இத்தேவாலயம் எழுந்தது என்பர். இன்றுள்ள கட்டடத்தின் பெரும்பகுதி 1100ஆம் ஆண்டையொட்டித் தொடங்கி 13ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நிறைவுற்றது.

1519இல் ஹுல்ட்ரிச் ஸ்விங்லி இங்கு மக்கள் குருவாகப் பொறுப்பேற்றார். சுவிட்சர்லாந்தில் கிறித்தவச் சீர்திருத்த இயக்கம் தொடங்கியது இம்மேடையிலிருந்தே. சிலைகளும் ஓவியங்களும் அகற்றப்பட்டன. விவிலியம் மக்கள் பேசிய யேர்மன் மொழியில் தரப்பட்டது. 1531இல் முழுமையான சூரிச் விவிலியம் அச்சேறியது. கோயில் என்றால் சிற்பமும் தீபமும் நிறைந்திருக்கும் என்று பழகிய கண்களுக்கு இங்குள்ள வெறுமை வியப்பளிக்கலாம். அவ்வெறுமை எண்ணித் துணிந்து ஏற்கப்பட்டதாகும். 2009இல் ஓவியர் சிக்மார் போல்க்க அமைத்த பன்னிரண்டு சாளரங்களுள் ஏழு, மெல்லியதாக அறுக்கப்பட்ட அகேற் மணிக்கற்களால் ஆனவை. 187 படிகள் ஏறிக் கோபுர உச்சியை அடைந்தால் ஏரியும், வானம் தெளிந்த நாளில் அல்ப்ஸ் மலைகளும் தெரியும்.

நீடர்டோர்ஃப்: அடைக்கலம் வந்தோரின் தெருக்கள்

குரோஸ்மூன்ஸ்டரிலிருந்து வடக்கே செல்லும் ஒடுங்கிய தெருக்களில் தேநீர்க் கடைகளும் உணவகங்களும் நிறைந்துள்ளன. வீட்டுச் சுவர்களிலுள்ள சிறு பலகைகளை வாசித்துக்கொண்டு நடந்தால், இந்நகருக்கு வெளியிலிருந்து வந்தோரின் கதையும் தெரியவரும்.

ஸ்பீகல்காஸ என்னும் சிறு தெரு இதற்குச் சான்று. யேர்மனியிலிருந்து அரசியல் காரணங்களால் தப்பி வந்த எழுத்தாளர் கியோர்க் பூக்னர், 1837இல் இத்தெருவில் தமது 23ஆம் வயதில் காய்ச்சலால் இறந்தார். அடுத்த வீட்டில் 1916 பெப்ரவரி முதல் 1917 ஏப்ரல் வரை லெனின் தங்கியிருந்தார். ரஷ்யப் புரட்சிக்கு அவர் புறப்பட்டுச் சென்றது இங்கிருந்தே. அதே தெருவின் முதலாம் இலக்க வீட்டில், 1916 பெப்ரவரி 5ஆம் நாள் கபரே வோல்த்தேர் திறக்கப்பட்டது. முதலாம் உலகப் போரிலிருந்து ஒதுங்கி வந்த கலைஞர்கள் அங்குத் தொடங்கிய தாதா இயக்கம் உலகக் கலை வரலாற்றில் இடம்பெற்றது.

இதற்கும் மிக முற்பட்ட காலத்தில், 1555இல், புரட்டஸ்தாந்து நம்பிக்கையின் காரணமாக லொக்கார்னோவிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சூரிச்சை வந்தடைந்தன. மொழியும் பழக்கமும் வேறுபட்ட அவர்களை உள்ளூர்த் தொழிற்கழகங்கள் எளிதில் ஏற்கவில்லை. ஒரெல்லி, முரால்ட் போன்ற குடும்பங்கள் நகர ஆட்சியில் இடம்பெறும் உரிமையைப் பெற ஒரு நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. ஆயினும் அவர்கள் வளர்த்த பட்டு வணிகம் நகரின் செல்வத்துக்கு அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

எல்லா வருகையும் அவ்வாறு முடியவில்லை. புறூன்காஸ தெருவின் 8ஆம் இலக்க வீட்டில், 14ஆம் நூற்றாண்டில் மின்னே என்னும் யூதப் பெண்மணி தம் மைந்தருடன் வாழ்ந்தார். சுவர்களில் நடனக் காட்சிகளும், எபிரேய எழுத்துகளுடன் பிரபுக் குடும்பங்களின் சின்னங்களும் தீட்டப்பட்டிருந்தன. 1349இல் கொள்ளைநோய்க்கு யூதரே காரணம் என்ற பொய்ப் பழி பரவியபோது, சூரிச்சின் யூத மக்கள் எரித்துக் கொல்லப்பட்டனர். பல நூற்றாண்டுகள் பூச்சுக்கடியில் மறைந்திருந்த அச்சுவரோவியங்கள் இன்று ஒரு சிறு அருங்காட்சியகத்தில் பேணப்படுகின்றன. 1980களில் அடைக்கலம் தேடி இந்நாட்டுக்கு வந்த மக்களுக்கும் அவர்தம் பிள்ளைகளுக்கும், அயலவரை ஏற்றும் ஒதுக்கியும் வந்த ஒரு நகரின் வரலாறு இத்தெருக்களில் அடுத்தடுத்து நிற்பது பொருளுடையதாகும்.

தொழிற்கழகங்களும் செக்ஸலொய்ற்றனும்

ஆற்றின் இரு கரைகளிலும் அழகிய முகப்புகளுடன் நிற்கும் பெரிய வீடுகள் பல, தொழிற்கழகங்களுக்கு உரியவை. 1336இல் ருடொல்ஃப் புறூன் தலைமையில் நடந்த ஆட்சி மாற்றத்தால், வெதுப்புவோர், தையற்காரர், கொல்லர் முதலிய கைவினைஞரின் கழகங்கள் நகர ஆட்சியில் பங்கு பெற்றன. 1351இல் சூரிச் சுவிஸ் கூட்டமைப்பில் இணைந்தது. அக்கழகங்களின் ஆட்சி அதிகாரம் மறைந்துவிட்டது. ஆனால் ஏப்ரல் மாதத்தில் வரும் செக்ஸலொய்ற்றன் விழாவில் அவை பழைய உடையணிந்து ஊர்வலம் செல்கின்றன. மாலை ஆறு மணிக்குப் பனிமனித உருவமான 'பூக்' தீயிடப்படும். அதன் தலை விரைவில் வெடித்தால் கோடை நன்றாக அமையும் என்பது நம்பிக்கை. போகிப் பண்டிகையை அறிந்தோருக்கு, பழையதை எரித்துப் புதிய பருவத்தை வரவேற்கும் இவ்வழக்கம் அயலாகத் தோன்றாது.

பொலிபானும் தேசிய அருங்காட்சியகமும்

நீடர்டோர்ஃப் முடியும் சென்ட்ரல் சந்தியிலிருந்து பொலிபான் என்னும் சிவப்பு நிறச் சரிவு ரயில் 1889 முதல் மேலேறுகின்றது. சில நிமிடங்களில் அது கூட்டாட்சித் தொழில்நுட்ப உயர்கல்வி நிலையத்தின் முன்றிலை அடையும். அல்பேட் ஐன்ஸ்டைன் 1896 முதல் 1900 வரை அங்குப் பயின்றார். உயர்கல்வியை எண்ணும் வயதிலுள்ள பிள்ளைகளை இங்கு ஒருமுறை அழைத்துச் செல்வது பயன்தரும்.

ரயில் நிலையத்தின் பின்புறம், கோட்டை போன்ற தோற்றத்துடன் 1898இல் திறக்கப்பட்டது சுவிஸ் தேசிய அருங்காட்சியகம். 2016இல் புதிய கட்டடப் பகுதியொன்றும் சேர்க்கப்பட்டது. நாட்டின் வரலாற்றை ஒழுங்காக அறிய விரும்புவோர், குறிப்பாகக் குடியுரிமை அறிவுத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வோர், இங்கு அரை நாள் செலவிடலாம். 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நுழைவு இலவசம்.

பழைய நகருக்கு வெளியே

ரீட்பெர்க் அருங்காட்சியகம் 1952இல் திறக்கப்பட்ட மாநகர நிறுவனமாகும். ஐரோப்பாவுக்கு வெளியேயுள்ள பண்பாடுகளின் கலைப்பொருட்கள், எட்வர்ட் ஃபொன் டெர் ஹைட் என்பவரின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு இங்கு வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் சோழர் காலத்து நடராசர் செப்புத் திருமேனி குறிப்பிடத்தக்கது. தமிழ்நாட்டில் வார்க்கப்பட்ட அத்திருமேனியை, இங்குப் பிறந்த பிள்ளைகள் டிராம் ஏறிச் சென்று காண இயலும். 7ஆம் இலக்க டிராம் அருங்காட்சியகத்தின் பெயரையே கொண்ட தரிப்பிடத்தில் நிற்கும். சுற்றியுள்ள ரீற்றர் பூங்காவில் கட்டணமின்றி உலாவலாம்.

நகரை மேலிருந்து காண விரும்புவோர் எஸ் 10 ரயிலில் ஊட்லிபெர்க் செல்லலாம். ஏறத்தாழ 870 மீற்றர் உயரமுள்ள இம்மலையிலிருந்து ஃபெல்செனெக் வரை செல்லும் பாதை, சூரியக் குடும்பத்தின் கோள்களை அளவுமாதிரிகளாகக் காட்டுகின்றது. ஃபெல்செனெக்கிலிருந்து கம்பி ஊர்தியில் அட்லிஸ்வில்லுக்கு இறங்கலாம். சிவசுப்பிரமணியர் ஆலயமும் அவ்வூரிலேயே உள்ளது. காலையில் மலைநடையும் மாலையில் வழிபாடுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமையை அமைத்துக்கொள்ள இது ஏற்ற வழி.

செல்வோர் கவனத்துக்கு

சூரிச் போக்குவரத்துக் கூட்டமைப்பின் 24 மணி நேரச் சீட்டு, உரிய வலயங்களுக்குள் ரயில், டிராம், பேருந்து, ஏரிக் கப்பல் ஆகிய யாவற்றுக்கும் செல்லுபடியாகும். ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் பெரியவருடன் இலவசமாகப் பயணிக்கலாம். அருங்காட்சியகங்களுக்கும் செல்லும் விருந்தினர், சூரிச் கார்ட் என்னும் 24 அல்லது 72 மணி நேர அட்டையை வாங்குவது இலாபகரமாக அமையலாம்.

வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கரிற்றாஸ் நிறுவனம் வழங்கும் 'குல்ற்றூர் லேகி' அட்டை, பல அருங்காட்சியகங்களிலும் நிகழ்வுகளிலும் 30 முதல் 70 வீதம் வரை கழிவு பெற்றுத் தரும். தகுதியுடையோர் பலர் இதனை அறியாமையால் விண்ணப்பிப்பதில்லை. சமூக உதவி பெறுவோரும் குறைந்த வருமானமுடையோரும் தம் தகுதியைக் கேட்டறிதல் வேண்டும்.

நகரில் 1,200க்கும் மேற்பட்ட நீரூற்றுகள் உள்ளன. 'குடிநீரன்று' என்ற அறிவிப்பு இல்லாத எல்லாவற்றிலும் நீர் அருந்தலாம்; போத்தல் ஒன்றைக் கொண்டு சென்றால் போதும். தேவாலயங்களில் வழிபாடு நடக்கும்போது சுற்றிப் பார்த்தலைத் தவிர்த்தல் வேண்டும். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமைகளில் மூடப்பட்டிருக்கும். விடுமுறை நாட்களில் நேரம் மாறுபடும். ஆதலால் புறப்படும் முன் திறந்திருக்கும் நேரத்தையும் கட்டணத்தையும் உறுதி செய்துகொள்வது நன்று. தலைமை ரயில் நிலையத்திலுள்ள சுற்றுலாத் தகவல் நிலையத்தில் நகர வரைபடத்தைப் பெற்றுக்கொள்ளலாம்.